மன உறுதி

இளைத்துக் காட்டியதற்காக நடைப்பயிற்சிச் சங்கம் தன் தலைவர் தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தியது. “எல்லாம் மன உறுதி!” என்று மைக்கில் முழங்கினார் அவர். முன்வரிசையில் பலராமன் எழுந்தார். “தலைவரே, உங்க பேச்சைக் கேட்டதும் தைரியம் வந்துடுச்சு. நாளையிலேர்ந்து சுகர் ஊசியை நிறுத்திடறேன்.”

தணிகாசலத்துக்கு வியர்த்தது. மனைவி வசுமதியைப் பார்த்தார். “சொல்லித் தொலைங்களேன்” என்றாள் அவள்.

அவர் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் கன்றியிருந்த புள்ளியைக் காட்டினார். “நேத்து இவ குத்தின ஊசி, பசியையும் அடக்குற புது சுகர் மருந்து. வாராவாரம் குத்தறா. சுகர் அடங்கினதும் இதால, தொப்பை கரைஞ்சதும் இதால. நன்றியை இதுக்குத்தான் சொல்லணும். என் மன உறுதி காலையிலகூட அல்வா தின்னுச்சு. நிறுத்திடாதே பலராமா!”

கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டம் விழித்தது. மேடையில் நின்றிருந்த செயலாளர், தயங்கித் தயங்கித் தன் சட்டையையும் தூக்கினார்.