கை தவறி வந்த போன்

போனின் வாய்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் இறுகப் பொத்திக்கொண்டு, விரிப்புகள் மலையாய்க் குவிந்திருந்த மூலையில் தம்பி குந்தியிருந்தான். மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. அவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது வேறு யாரையும் இல்லை, சொந்த அண்ணனை.

அவன் வேலை பார்க்கும் ஓட்டல் லாண்டரியில் சாப்பாட்டு நேரம். மிஷின்கள் ஓய்ந்திருந்ததால் போனுக்குள் அரம் தேய்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அண்ணன் தன் பூட்டு ரிப்பேர் கடையில் சாவி ராவிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு, எங்க போகும்?" என்றார் அண்ணன்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ பெட்டியை மூடுகிற மாதிரி 'டப்'பென்று ஒரு சத்தம். லைன் கட்டாகிவிட்டது. எப்போதும் இப்படித்தான் முடியும். போனைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடுவார் போலிருக்கிறது என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

இருவரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தப்பு முழுக்கத் தம்பியுடையது. அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று கடைசியாக வந்து சேர்ந்தவன் அவன். வந்ததும் வராததுமாக, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்க, "பக்கத்துலயே இருந்துக்கிட்டு அப்பாவைச் சாகவிட்டுட்டீங்களே!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்திவிட்டான்.

படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, அதில்தான் அந்த மனுஷனின் முட்டியே போயிருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதற்கப்புறம் அண்ணன் முகத்தில் விழிக்கவே தம்பிக்குக் கூச்சமாகிவிட்டது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் திரையில் 'அண்ணன்' என்று வந்தது. அண்ணியிடம் கேட்டு மனைவி பதிந்துவைத்த நம்பர். பச்சைப் பொத்தானை அழுத்தினான். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, அரச் சத்தம்தான் வந்தது.

கை தவறி அழுந்தியிருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. இந்தக் கூத்து அவனுக்கும் நடந்திருக்கிறது. முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையிலிருந்த அவனுடைய போன் அந்த முதலாளிக்கே தானாகப் போய்விட்டது. அன்றைக்கே போன் கடைக்காரரிடம் ஓடிக் கீபேடை லாக் பண்ணக் கற்றுக்கொண்டான்.

அண்ணனுக்கு அந்த விஷயம் தெரியாது, பாவம். அதனால் மத்தியானம் ஆனால் போன் வந்தது. சிவப்பை அழுத்திக் கட் பண்ணுவதுதான் மரியாதை. ஆனால் அண்ணன் இருமுவதையாவது கேட்கலாமே என்று விரல் நின்றுவிடும்.

"தினமும் அவங்க பேச்சைத் திருட்டுத்தனமா கேட்டுட்டு வந்து எங்கிட்ட அழறீங்க. நேர்ல போய்ச் சொல்ல என்ன கேடு?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எந்த மூஞ்சியோட போவேன்?"

அதற்கு மறுநாள் அண்ணன் அண்ணியிடம் சொல்வது கேட்டது. "அப்பா முகத்தை உசுரோட பாக்க முடியலையேங்கிற ஆத்திரத்துல கத்திட்டான். அது எனக்குப் புரியாதா? நான்தான் அன்னைக்கே அவன் தோளைப் பிடிச்சிருக்கணும்."

தம்பிக்கு உடம்பு கூசியது. வைததுதான் வைதோம், அந்த மனுஷன் மனசுவிட்டுப் பேசுவதையும் களவாடிக் கேட்கிறோமே என்றிருந்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல், முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கடையில் அண்ணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "வா" என்றார். அண்ணி அவசரமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

கூப்பிட வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "உங்க போன்..." என்று ஆரம்பித்தான். "பையில தானா அழுந்தி எனக்கு வந்துடுது. நான் கட் பண்ணாம கேட்டுட்டே இருந்துட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்."

அண்ணன் அரத்தைக் கீழே வைத்தார்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு. மெனுவை அழுத்தி, கையோட ஸ்டாரை அழுத்திட்டா கீபேட் லாக் ஆயிடும். அப்புறம் எங்க கிடந்தாலும் அழுந்தாது."

"பூட்டுக்காரனுக்கே பூட்டு போடச் சொல்லித் தர்றியா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிக்கு அவமானமாக இருந்தது. "ஒரு தடவை பண்ணிக் காட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாக மடித்து மூடுகிற மாடல். பொத்தான் எல்லாம் உள்ளே இருந்தது. வேண்டுமென்றே திறந்தால் ஒழிய ஒன்றையும் அழுத்த முடியாது.

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது மடல் இரண்டும் சுட்டன. நிமிர்ந்தபோது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

"என்னைக்காவது 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியான்னுதான்டா தினமும் போட்டேன்."