காலடியில் ஒரு தம்ளர்

இறந்துபோன சபாநாயகத்தை, வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை வாடகை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றே ஒத்துக்கொள்ளாத மனிதர். “தண்ணி உறையிற அளவுக்கெல்லாம் குளிராதுக்கா” என்று பெட்டிக்காரன் சொன்னதை மனைவி கோமளவல்லி நம்பவில்லை. கண்ணாடித் தம்ளரில் கேன் தண்ணீரை ஊற்றி, அவர் காலடியில் வைத்து மூடச் சொன்னாள்.

“இனிமே அண்ணனுக்கு என்ன குளிரப் போகுது அண்ணி?” என்றாள் அவர் தங்கை.

“உனக்கென்ன, நாப்பது வருசமா நான்ல போர்த்திவிட்டேன்.”

மறுநாள் மகன் வந்ததும் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கோமளவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தம்ளரைக் கையில் எடுத்தாள். அசையாமல் கிடந்ததால் மட்டுமே உறையாதிருந்த நீர் அது; அந்த அசைவில் விளிம்பிலிருந்து வெள்ளை நூல்கள் ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதும் பனிக்கட்டியாய் இறுகிவிட்டது.

நான்கு பேர் குனிந்து, அவர் தோளுக்கும் காலுக்கும் அடியில் கைகொடுத்தார்கள்.

“அவர அசைக்காதீங்க” என்றாள்.