தவளை சொன்ன தண்ணீர்

பாறை இடுக்கின் அடியில் பச்சைப் புல்லைப் பார்த்ததும் ஆட்டுக்கு நாக்கு ஊறியது. ஆற்றோடு இறங்கினால்தான் அங்கே போக முடியும். கரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த நண்டை நிறுத்தியது.

"நண்டண்ணே, தண்ணி எப்படி?"

"கலங்கி வருது, சருகும் சேர்ந்து வருது. மேல மலையில மழை. இறங்காதே."

"வானம் பளிச்சுன்னு இருக்கு. உங்களுக்கு நேரா நடக்கவே வராது, எனக்கு வழி சொல்ல வந்துட்டீங்க!"

அடுத்து, ஆற்றில் மிதந்துகொண்டிருந்த தவளையிடம் கேட்டது.

"தண்ணியா? ஜம்முன்னு இருக்கு, வா!"

"நீதான்டா நல்லவன்" என்று ஆடு இறங்கியது.

பாதி வழியில் வெள்ளம் பிடித்துக்கொண்டது. குளம்பு வைக்க மட்டுமே இடமிருந்த பாறை விளிம்பில் ஆடு நான்கு கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. கீழே புல் மூழ்கிவிட்டது.

வெள்ளத்தோடு மல்லாந்து போன தவளை குஷியாகக் கத்தியது.

"சொன்னேன்ல, ஜம்முன்னு இருக்குன்னு!"