சொட்டுத் தண்ணி வராத வீடு

மனைவி வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மாசானமோ புது மாப்பிள்ளை மாதிரி வீட்டுச் சுவருக்கு நாலாவது தடவையாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். "மறு கலியாணம் போலிருக்கு" என்று கோரம்பள்ளம் குளத்தங்கரையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பாவம், மாசானத்துக்கு இருக்கிற ஒருத்தியே போதும். அருணாசலவடிவு கோபித்துக்கொண்டு போனது புருஷனோடு அல்ல, தண்ணீரோடு. ஐப்பசியில் குளம் பெருகினால் தண்ணீர் கொல்லைக்கு வரும். கார்த்திகையில் கேட்காமலே வீட்டுக்குள் வரும். வந்தால் மாசி வரைக்கும் போகாது.

போன கார்த்திகையில் சோற்றுப்பானை அவள் கண்ணெதிரே மிதந்து வாசலைத் தாண்டியது. அன்றைக்கே ஆழ்வார்திருநகரியில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"இத வித்துட்டு மேட்டுல ஒரு குச்சு வீடாவது பாரும். பாத்துட்டு வந்து கூப்பிடும், வாரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள். சொன்ன சொல் மாறாதவள். ஒன்பது மாதமாக அவள் ஏச்சுக்கூடக் கேட்காமல் மாசானம் ஏங்கிப்போய்விட்டார்.

யோசனை சொன்னவன் மச்சினன் பேச்சிமுத்து. போன வருஷம்தான் இதே கரையில் இருந்த தன் வீட்டை எவன் தலையிலோ கட்டிவிட்டுத் தப்பித்தவன்.

"ஆடியில எவனும் வீடு வாங்க மாட்டான் அத்தான். அதனால ஆடி பூரா வேலையப் பாரும், ஆவணியில வித்துரும். புரட்டாசி பொறந்துட்டா வாறவன் வீட்டப் பாக்க மாட்டான், வானத்தத்தான் பாப்பான். செவுத்துல தண்ணிக் கறை இடுப்பு ஒசரத்துக்கு நிக்கி, மொதல்ல அத மறையும்."

மாசானம் ஒன்று விடாமல் செய்தார். கறைக்கு மேல் நல்ல சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி நாலு பூச்சு அடித்தார். கதவிடுக்கில் காய்ந்து கிடந்த நண்டு ஓடு, ஆட்டுரல் குழியில் கிடந்த நத்தைக்கூடு எல்லாவற்றையும் பொறுக்கிக் குளத்திலேயே போட்டார். அழுகின வேலிக்கம்பை மாற்றி, பீர்க்கங்கொடியைப் படரவிட்டார்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலையில் காசிலிங்கம் வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிக்காரர்களுக்குக் கயிறு விற்கிறவர். யுத்த காலம், எவ்வளவு கயிறு கொடுத்தாலும் போதவில்லை என்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே நடந்து வந்தார். வெற்றிலை பாக்கும் முன்பணமும் பையில் தயாராக இருந்தன.

அவர் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய், நீளத்தையும் அகலத்தையும் காலால் அளந்தார்.

"ஐப்பசியில குளத்துத் தண்ணி எதுவரைக்கும் வரும் அண்ணாச்சி?"

மாசானம் வேலியைக் கை காட்டினார்.

"வேலிக்கு அங்கனயே நின்னுரும். இங்கன சொட்டுத் தண்ணி வராது."

"பெருவெள்ளத்துலயுமா?"

"ஊரே மெதந்தாலும் நம்ம கொல்லையில கோழி மண்ணக் கிளறிக்கிட்டு நிக்கும்."

காசிலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆள் நம்பவில்லை என்று மாசானம் முடிவு கட்டினார். அந்தப் பையோடு சேர்ந்து வடிவும் இன்னும் தூரமாகப் போவதுபோல் அவருக்குப் பதறியது.

"ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தினார்.

"முருகன் சாட்சியாச் சொல்லுதேன். இந்த வீட்டு எல்லைக்குள்ள குளத்துத் தண்ணி வந்ததே இல்ல!"

சொல்லிக்கொண்டே எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை சுட்டது. புருஷன் பெண்டாட்டி சேர்வதற்காகச் சொன்ன பொய், முருகன் பொறுத்துக்கொள்வான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

காசிலிங்கம் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "சூடத்தையே அணைச்சிட்டிய. இதுக்கு மேல நான் என்ன கேக்க? அப்ப வாரேன் அண்ணாச்சி."

"போறியளா? ஏன், வீடு பிடிக்கலியா?"

"வீடு எனக்கு எதுக்கு? கயித்துக்குத் தேங்கா மட்ட ஊறப்போடணும், நாலஞ்சு மாசம் தண்ணி நிக்கிற கொல்லையாத் தேடுதேன். குளத்துக்குள்ள போட்டா, தண்ணி நாறுதுன்னு வெள்ளாமக்காரங்க சண்டைக்கு வாராங்க. குளத்தங்கர வீடுன்னதும், கேட்ட வெலைக்கு மேலயே குடுத்துரலாம்னு ஓடி வந்தேன்."

மாசானம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, வரும்! தண்ணி வரும்! இடுப்பளவு வந்து மாசி வரைக்கும் நிக்கும்! என் வீட்டுக்காரியே அந்தத் தண்ணிக்குப் பயந்துதான் ஓடிட்டா!"

ஓடிப்போய்ச் சுவரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நாலு பூச்சு அல்லவா, வெள்ளைக்குக் கீழேயும் வெள்ளைதான் வந்தது. சூடத்தின் வாசனைகூட இன்னும் போகவில்லை.

காசிலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

"ஒரு வீட்ட விக்கதுக்காக இப்படியா பொய் சொல்லுவிய, அண்ணாச்சி?"