உள்ளங்கை அளவு தொப்பி

"இவ்வளவு சின்னத் தொப்பியா? உள்ளங்கை அளவுதான் இருக்கு. வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள், மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்.

பின்னிக்கொண்டிருந்தவள் பேச்சை மாற்றினாள். "அக்கா, இது நானே சாயம் போட்ட நூல். அடுத்த வரிசை வெளிர்நீலமா வருமா, கருநீலமா வருமான்னு பின்னினாத்தான் தெரியும். ஊசியைக் கீழ வைக்கவே மனசு வராது."

அறைக்குள்ளிருந்து கணவன் கத்தினான். "எனக்கு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் விரல்கள் நின்றன.

மாடிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளைங்க முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. பிறந்ததும் மாறிடுவாங்க."

கதவு படீரென்று திறந்தது. வெளியே வந்தவன், அந்நியப் பெண்ணைக் கண்டதும் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ஆலை இயந்திரத்தில் சிக்கிய நாளிலிருந்து அவன் வாசலைத் தாண்டியதில்லை.

மனைவி கடைசி வரிசையை முடித்து நூலை வெட்டினாள். அவன் கையை மெல்ல முன்னால் இழுத்து, அதன் முனையில் தொப்பியை மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"குத்துதா?"

அவன் அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"இல்ல. மஞ்சள்ல இன்னொண்ணு பின்னு. நாலு பேர் பார்க்கட்டும்."