இருவர் அமரும் சோபா

மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் பழைய மரச்சாமான் கடையின் கண்ணாடி வழியே தூசியோடு இறங்குகிறது. கணவன் இறந்தபின் வெறிச்சோடிக் கிடக்கும் கூடத்துக்கு ஓர் இருக்கை தேடி வந்திருக்கிறாள் அக்கா. துணைக்கு வந்த தங்கை ஒற்றை நாற்காலிகளையே தட்டித் தட்டிப் பார்க்கிறாள். அக்காவோ இருவர் அமரும் பச்சை வெல்வெட் சோபாவின் முன்னால் நிற்கிறாள். கைப்பிடியில் வெல்வெட் தேய்ந்து வழுக்கையாகியிருக்கிறது. பித்தளை ஆணிகள் மட்டும் பூனைக்கண்போல் மின்னுகின்றன. "நீ ஒருத்திதானேக்கா, உனக்கு எதுக்கு இவ்ளோ பெரிசு?" என்கிறாள் தங்கை. அக்கா சோபாவின் ஓரமாக உட்கார்கிறாள். உள்ளே ஸ்பிரிங் முனகி அடங்குகிறது. சற்றுப் பொறுத்து மறுபடி முனகுகிறது. அவள் அசையவே இல்லை. பக்கத்து மெத்தை, ஓர் ஆள் நிதானமாக உட்காருவதுபோல, மெல்லக் குழிந்து நிற்கிறது. தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. "பழைய ஸ்பிரிங்மா, ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் எழும்பும்" என்று ஆரம்பித்த கடைக்காரர், எழும்பாமல் அமுங்கியிருப்பதைப் பார்த்து ஓரடி பின்வாங்குகிறார். "எந்திரிக்கா, போயிடலாம்" என்று தங்கை கையைப் பிடித்து இழுக்கிறாள். அக்காவுக்கும் உடம்பு சில்லிட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் இத்தனை மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் தளர்கிறது. "கொஞ்சம் இருடி" என்கிறாள். குழிந்த மெத்தையைத் திரும்பிப் பார்க்காமலே, தாராளமாக உட்காரட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்துகொள்கிறாள்.