போன் பட்ட மருந்து

“டொக்டர், நீங்க படிச்ச மனுசன். ஊரை ஏமாத்தலாமா?”

மோகனராஜ் மாஸ்டர் மருந்துப் போத்தலை ஹோமியோபதி லாபிர் டொக்டரின் மேசையில் டக்கென்று வைத்தார். நாள் முழுக்கப் பாடம் எடுத்த தொண்டை. மடுல்கெல்லயிலிருந்து அக்குறணை வரை பஸ்ஸில் நின்றே வந்த கால். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் விஞ்ஞான வாத்தியார் பிடித்தால் உடும்புப் பிடிதானே?

“இருங்க சேர். மிஸிஸுக்குத் தலையிடி எப்படி?”

“அது சுகம். பேச்சை மாத்தாதீங்க. போத்தலைத் தலைமாட்டுல வைக்கணும், போன் அந்த அறைப்பக்கமே வரக்கூடாது, போன் கதிர் பட்டா மருந்து செத்துப்போகும்னு என் மனுசி யசோதினிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“துளி மருந்தைத் தண்ணியில கலக்கி, அதுல ஒரு துளியை மறுபடி தண்ணியில கலக்கி, கடைசியில தண்ணிதான் மிச்சம். தண்ணியைப் போன் என்ன செய்யும்? நானே சோதிச்சுப் பாத்துட்டேன்!”

டொக்டர் களைத்த கண்களை நிமிர்த்தினார். “எப்படி?”

“அவ போன் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு ஒரு பொய். சத்தத்தை நிறுத்தி, போத்தலோட சேத்துக் கட்டி, அலுமாரியில வச்சுப் பூட்டிட்டேன். காலையும் மாலையும் நானே மருந்தை எடுத்துக் குடுத்தேன். கதிர்லயே ஊறின மருந்து! மாசக்கணக்கா இருந்த தலையிடி போச்சு. நல்லாத் தூங்குறா. நேத்து பாட்டுக்கூடப் பாடுனா. இப்ப என்ன சொல்றீங்க?”

ஆள் வசமாக மாட்டினார் என்று மாஸ்டர் கதிரையில் சாய்ந்துகொண்டார். வந்த களைப்பில் பாதி போய்விட்டது.

“நீங்க சொல்றது சரி சேர். போன் தண்ணியை ஒண்டும் செய்யாது.”

“அப்ப ஏன் பொய் சொன்னீங்க?”

“‘போனைக் கொஞ்சம் தூர வைங்க மகள்’ எண்டு எத்தனையோ தரம் சொல்லிப் பாத்தேன். போன்ல வர்ற கோலை எடுக்காட்டி வீட்டுல ஏச்சு விழும் எண்டு அழுதாங்க. மருந்து கெட்டுரும் எண்டு சொன்னாலாவது விடுவாங்க எண்டு நினைச்சேன்.”

“அவளுக்கு ஏது அத்தனை கோல்?”

டொக்டர் சுவரைக் காட்டினார். மாஸ்டரே போன வருசம் கெஞ்சிக் கேட்டு ஒட்டிவிட்டுப் போன டியூசன் நோட்டீஸ்.

‘மோகனராஜ் சேரின் விஞ்ஞான வகுப்பு. எந்நேரமும் அழைக்கலாம்.’

அதன் கீழே இருந்தது யசோதினியின் நம்பர்.